பழைய கொரோலாவுக்குப் பகல் விளக்கு

போன ஆவணியில் நல்லூர்த் தேருக்குக் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போனோம். விடிய நாலரைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வெளிக்கிட்டு, புத்தளத்தில் தேத்தண்ணி குடித்து, அனுராதபுர வீதியில் கலா ஓயாப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். இரண்டு பக்கமும் மரங்கள் கூடி நிற்கிற இடம். வீதியில் வெயிலும் நிழலும் திட்டுத் திட்டாகக் கிடந்தன. எதிரே ஒரு லொறி வந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் ஒரு பஸ். லொறியை முந்துவதற்காக பஸ் என் பக்கத்துக்கு ஏறியது. ஹோர்னை அழுத்திக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். இடது பக்கச் சில்லுகள் இரண்டும் கிரவலில் இறங்கி, கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. பஸ் எங்களைக் கடந்த அந்த நொடியில் டிரைவரின் முகம் தெரிந்தது. வெறிபிடித்து ஓட்டுகிற ஆளின் முகம் இல்லை அது. கண்கள் விரிந்து, வாய் திறந்து, திடுக்கிட்டுப்போன முகம். அந்த மனிதர் எங்களைக் காணவே இல்லை.

அம்மா பின் சீட்டில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் இறங்கினார். நானும் இறங்கி, கை நடுக்கம் அடங்கட்டும் என்று பஸ் வந்த பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடந்தேன். அப்பாவும் கூட வந்தார். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர், காலால் எண்ணிக்கொண்டே நடக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஓர் இடத்தில் நின்று, “இருநூறு மீற்றர் இருக்கும்” என்றார். திரும்பிப் பார்த்தோம். வெயிலில் நின்றுகொண்டு நிழலைப் பார்க்கிறோம். வீதி தெரிந்தது, மரங்கள் தெரிந்தன. கார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கரும்பச்சைக் கார், கரும்பச்சை நிழல். கண்ணாடியில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டதால்தான் அது கார் என்றே பிடிபட்டது.

இந்த இருநூறு மீற்றருக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் ஊர்ப்பகுதிக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் இரண்டு வாகனமும் மணிக்கு 140 வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன, அதாவது ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 39 மீற்றர். இருநூறு மீற்றர் என்பது ஐந்து செக்கன். ஒரு லொறியை முந்தி முடிக்க ஐந்து செக்கன் எந்த பஸ்ஸுக்கும் காணாது. ஆகவே எதிரே வருபவர் நம்மை இருநூறு மீற்றரில் கண்டால் அது பிந்திய செய்தி, நானூறு ஐந்நூறு மீற்றரில் காண வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு காரின் உருவம் கண்ணுக்கு அவ்வளவு பெரிதில்லை, வெளிச்சப் புள்ளிதான் முதலில் தெரியும்.

புதுக் கார்களில் எஞ்சின் ஓடியதும் முன்னால் வெள்ளையாக எரிகிற லைட்டைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.எல் என்று கடைகளில் சொல்வார்கள், நான் இங்கே பகல் விளக்கு என்றே சொல்கிறேன். டிரைவருக்கு வீதி தெரிவதற்காக வைத்தது இல்லை, மற்றவர்களுக்கு நம்மைத் தெரிவதற்காக வைத்தது. எங்கள் கொரோலா 1998ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது. இங்கே எல்லோரும் ஒன் டென் என்கிற மொடல். அதில் இது இல்லை.

புதுக் கார் வாங்கினால் முடிந்தது என்று சொல்வது சுலபம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய கார்கள் எல்லாம் குடும்பத்தில் ஓர் ஆள் போல ஆகிவிட்டன. திறந்த பிறகும் விலையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்கள் எட்டி நிற்க வேண்டியதுதான். அப்பா தன் ஓய்வூதியக் காசில் வாங்கிய கார் இது, எஞ்சின் இன்னும் தங்கம். இதை இன்னும் பத்து வருடம் ஓட்டுவேன். அப்படியானால் இதை எல்லோர் கண்ணிலும் படவைப்பது என் வேலை.

கொழும்புக்குத் திரும்பியதும் முதலில் செய்தது எல்லோரும் செய்கிற காரியம்தான், பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு மாதம் ஓடினேன். காலி வீதியில் எதிரே வருகிற ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் கையை நீட்டி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டுவார்கள். லைட் எரிகிறது, மறந்துவிட்டாய் என்று அர்த்தம். முன்பின் தெரியாத ஒருவர் நம் பற்றரிக்காகக் கவலைப்படுகிற அந்தக் கைச்சைகை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவர்கள் பயந்தது ஒரு நாள் நடந்தது. மழை நேரம், பிள்ளையை வகுப்பில் விட அவசரமாக இறங்கி ஓடினேன், லைட் எரிந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்கிற சத்தம் மட்டும்.

செலவும் இருக்கிறது. என் காருக்கு எச் 4 பல்ப், ஒன்று 55 வாட், இரண்டுக்கு 110. கூடவே முன் பார்க் லைட், பின் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் எரியும். மொத்தம் 140 வாட் அளவில் வரும், ஏறத்தாழ 10 அம்பியர். பழைய ஹெட்லைட் சுவிட்சும் வயரும் பகல் முழுக்க இதைச் சுமந்தால் சூடேறும். எல்.ஈ.டி பகல் விளக்கு என்றால் ஒன்று எட்டு வாட், இரண்டும் சேர்ந்தே ஒரு அம்பியருக்குச் சற்றுக் கூட.

“வெய்யில் நாட்டில லைட் என்னத்துக்கு தம்பி? அது குளிர் நாட்டுக்காரர் கண்டுபிடிச்சது” என்றார் அப்பா. கண்டுபிடித்த இடம் சரிதான். பின்லாந்தில் 1972இல் குளிர்கால மாதங்களில் ஊர்களுக்கு வெளியே பகலிலும் லைட் போட வேண்டும் என்று ஆக்கினார்கள், சுவீடன் 1977இல் வருடம் முழுவதற்கும் ஆக்கியது. கனடாவில் 1989 டிசம்பர் முதல் செய்த புதுக் கார்களுக்குக் கட்டாயம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரி 7 முதல் புது மொடல்களுக்கு. அங்கே பிரச்சினை மங்கல் வெளிச்சம். இங்கே பிரச்சினை கடும் வெளிச்சம், அதனால் வருகிற கடும் நிழல். வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு நிழலுக்குள் நிற்பது தெரியாது, அதைக் கலா ஓயாவில் இரண்டு பேரும் நின்று பார்த்தோமே. இதைச் சொன்னதும் அப்பா பதில் பேசவில்லை. அளக்கிற டேப்பைத் தேடி எடுத்து வைத்தார்.

அப்புறம் பஞ்சிகாவத்தை. கொழும்பில் வாகனச் சாமான் என்றால் வேறெங்கே போவது. கடைக்குக் கடை தொங்குகிறது. வளைக்கிற பட்டி லைட், கண்ணைச் சுற்றி எரிகிற வளையம், நீலம், ஊதா, வெள்ளையும் மஞ்சளும் மாறி மாறி ஓடுகிறது, மியூசிக்குக்கு ஆடுகிறது. பெரும்பாலானவை நல்ல பளபளப்பு, பாதுகாப்புக்கு உதவாது. நான் பார்த்தது மூன்று விஷயம். வெளிச்சம் தூய வெள்ளையாக இருக்க வேண்டும், நீலம் கலக்கக் கூடாது. பின்பக்கம் சூட்டை வெளியே விட அலுமினியத்தில் சீப்புப் பல் போலக் கனமான வாரிகள் இருக்க வேண்டும், ஏனென்றால் எல்.ஈ.டியைக் கொல்வது சூடு, கொழும்பு வெயிலில் நெரிசலில் நிற்கிற காரின் முன்பக்கம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாவது, கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் ‘ஆர்.எல்’ என்ற எழுத்துகளும். ஐ.நா. வாகன விதிகளில் 87ஆம் விதி பகல் விளக்குக்கானது, அந்தச் சோதனையில் தேறியதற்கான அடையாளம் இது. நேர் முன்னால் குறைந்தது 400 கன்டெலா (வெளிச்சத்தை அளக்கிற அலகு), எந்தப் பக்கத்திலும் 1200க்கு மேல் போகக் கூடாது என்று அந்த விதி சொல்கிறது.

இந்த மேல் எல்லையைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கூட வெளிச்சம் இருந்தால் கூடப் பாதுகாப்பு என்று நினைத்து வெள்ளம் போல் எரிகிற லைட்டைப் பூட்டுகிறவர்கள், எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரரைப் பற்றி யோசிப்பதில்லை. நம் வீதிகளில் கூடுதலாக அடிபடுகிறவர்களில் அவர்களும் நடந்து போகிறவர்களும்தான் முன்னால் நிற்கிறார்கள். இந்தியாவில் 2017 ஏப்ரலில் இருந்து புது மோட்டார் சைக்கிள்களில் ஹெட்லைட் தானாகவே எரிந்துகொண்டிருக்கும்படி ஆக்கியதும் அவர்களைக் காணவைக்கத்தான். என் காரின் லைட் கண்ணைப் பறித்து, பக்கத்தில் வருகிற மோட்டார் சைக்கிளை மறைத்தால் நான் அந்தக் குடும்பத்துக்குத் துரோகம் செய்கிறேன். 2025 தொடக்கத்தில் பஸ், ஆட்டோக்களில் பூட்டியிருந்த கூடுதல் லைட்டுகளைப் பொலிஸ் கழற்ற வைத்தபோது பலர் கோபப்பட்டார்கள். கண்ணைக் குத்துகிற லைட் விஷயத்தில் நான் கழற்றச் சொன்னவர்கள் பக்கம்.

பூட்டுகிற இடம் பார்க்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலை ஒழுங்கையில் காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளில் காற்று சரி பார்த்து, பம்பரில் சுண்ணக்கட்டியால் நடுக்கோடு போட்டார். ஐ.நா. வாகன விதிகளில் சொல்லியிருப்பது இது: தரையில் இருந்து 250 மில்லிமீற்றருக்குக் கீழேயும் 1500க்கு மேலேயும் இருக்கக் கூடாது, இரண்டு விளக்குக்கும் இடையில் உள்விளிம்பில் இருந்து உள்விளிம்புக்கு 600 மில்லிமீற்றராவது வேண்டும். எங்கள் பம்பரில் மூடி போட்ட இரண்டு குழிகள் இருக்கின்றன, அங்கே வைத்தால் தரையில் இருந்து 380, இடைவெளி 900க்கு மேல். நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் நெருக்கி வைக்கலாம் என்று ஒரு யோசனை எனக்கு இருந்தது, வயர் குறைய வேண்டும் என்று. அப்பா விடவில்லை. “கிட்டக் கிட்ட வைச்சா தூரத்தில ஒரு மோட்டச்சைக்கிள் எண்டு நினைப்பான். கார் அகலம் தெரிய வேணும்.” இடது பக்கம் வலதை விட மூன்று மில்லிமீற்றர் உயரமாக இருந்தது, பழைய பம்பர் அப்படித்தான் தொங்கிக்கிடக்கும். அதற்கும் ஒரு வாஷர் போட்டு நேராக்கினார்.

வயரிங்கை நான் தொடவில்லை. மருதானையில் வாகன வயரிங் செய்கிற, எங்களுக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் அண்ணர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவோம், அந்தக் காலத்து அல்டர்னேற்றரைக் காதால் கேட்டே குறை சொல்லுவார். நான் போனதும் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு மனம் நிறைந்தது. “தம்பி, ராவைக்கு ஹெட்லைட் போட்டா இது நிக்கணும்தானே?” நிற்கத்தான் வேண்டும். பகலில் அளவாக இருக்கிற லைட் இருட்டில் கண்ணைக் குத்தும், அதனால் ஹெட்லைட் எரியும்போது பகல் விளக்கு அணைய வேண்டும் என்பதும் விதி. பல கடைகளில் சாவியோடு மட்டும் சேர்த்துக் கொடுத்துவிட்டு காசை வாங்கிக்கொள்கிறார்கள், அந்தக் கார்கள்தான் ராத்திரியும் நான்கு லைட்டோடு வருகின்றன.

நானா செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பற்றரியின் பிளஸ்ஸில் இருந்து ஒரு வயர், அதில் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 5 அம்பியர் பியூஸ். பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருப்பது முக்கியம், அதற்கு முன்னால் இருக்கிற வயர் எங்காவது உரசி கார் பொடியில், அதாவது உடல் இரும்பில், பட்டால் தடுக்க ஒன்றுமில்லை, நெருப்புத்தான். அங்கிருந்து முதல் ரிலே, அதாவது சின்ன மின்னால் இழுபட்டு இன்னொரு மின்னைத் திறந்து மூடுகிற சுவிட்ச். அதைச் சாவி ஓனில் இருக்கும்போது மட்டும் மின் வருகிற பியூஸ் இழுக்கும். ரேடியோவுக்கு மட்டும் சாவி போட்டுக்கொண்டு இருந்தால் எரியாது. அதன் பிறகு ஐந்து கால் உள்ள இரண்டாவது ரிலே. அதில் 87ஏ என்று எழுதியிருக்கிற கால், ரிலே சும்மா இருக்கும்போது 30ஆம் காலோடு தொட்டபடி இருக்கும். பகல் விளக்குக்குப் போகிற மின் அந்த வழியாகப் போகிறது. பார்க் லைட் வயரை 86இல் கொடுத்து, 85ஐ எர்த் பண்ணினால், அதாவது பொடியோடு சேர்த்தால், பார்க் லைட் போட்ட உடனே ரிலே இழுத்து 87ஏயை விட்டுவிடும், பகல் விளக்கு நின்றுவிடும். சுவிட்ச் ஒன்றும் தேவையில்லை, மறக்கவும் வழியில்லை.

ஹெட்லைட் வயரிலேயே கொடுக்கலாமே என்று கேட்டேன். நானா டெஸ்ட் லாம்பை எடுத்து ஹெட்லைட் சொக்கெட்டில் குத்திக் காட்டினார். லைட்டை அணைத்தும் போட்டும் பார்த்தோம். ஜப்பான் கார்கள் பலவற்றில் சுவிட்ச் மைனஸ் பக்கத்தில் வேலை செய்கிறது, வழமை போலக் கொடுத்தால் எல்லாம் தலைகீழாக எரியும். அதோடு முன்னால் வருபவருக்கு டிம் அடிக்கிற ஒவ்வொரு முறையும் பகல் விளக்கும் சேர்ந்து மின்னும். பார்க் லைட் வயரில் இந்தக் கரைச்சல் இல்லை.

பற்றரி வோல்ட்டைப் பார்த்துத் தானாக எரிகிற ஒரு சின்னப் பெட்டியும் விற்கிறார்கள். எஞ்சின் நிற்கும்போது பற்றரி 12.6 அளவில் இருக்கும், ஓடும்போது 14க்குக் கிட்ட வரும், அந்த வித்தியாசத்தில் வேலை செய்கிறது. வயர் வேலை குறைவு. ஆனால் பழைய காரில் ஏசி, வைப்பர், ரேடியேற்றர் விசிறி எல்லாம் ஓடிக்கொண்டு நெரிசலில் நின்றால் வோல்ட் இறங்கும், லைட் அணைந்து அணைந்து எரியும். நானா அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

எர்த் வயருக்கு அவர் எடுத்த கவனத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் பொடியில் இருக்கிற போல்ட் ஒன்றைக் கழற்றி, அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயின்ட்டை மணல்தாளால் உரசி, இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்த்தார். வயர் நுனியில் கண்ணியை நசுக்கி, ஈயம் ஊற்றி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். “நீங்க வெள்ளவத்த, கடல் காத்து. இது செய்யாட்டி ஆறு மாசத்துல பச்ச பிடிச்சுப் போயிரும்.” வயரைக் கடித்துப் பிடிக்கிற நீலப் பிளாஸ்ரிக் கிளிப்புகளை ஒன்றுகூடப் பாவிக்கவில்லை. இணைப்பு எல்லாம் பற்றுவைத்து, ரப்பர் குழாய் சுருக்கி மூடினார். மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. கூலி அவர் கேட்டதை விடக் கொஞ்சம் கூடவே கொடுத்தேன், அது அந்த எர்த் போல்ட்டுக்கு.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பகல் விளக்கு முன்னால் மட்டும்தான் எரிகிறது, பின்னால் ஒன்றும் இல்லை. ஐப்பசி மழையில் பின்னேரம் ஆறு மணிக்கு, தெஹிவளைப் பாலத்துக்குக் கிட்ட, எனக்கு முன்னால் போன ஒரு புதுக் காருக்கு முன்பக்கம் வெளிச்சம் வீதியில் பட்டுத் தெரிந்தது, பின்பக்கம் கறுப்பு. புதுக் கார்களில் டாஷ்போர்ட் எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால், லைட் போட்டாயிற்று என்றே டிரைவர் நினைத்துக்கொள்வார். கனடாவில் இந்தத் தொல்லை பெருகித்தான் 2021 செப்டம்பரில் இருந்து புதுக் கார்களுக்குப் பின் லைட் விஷயத்திலும் விதியை மாற்றினார்கள். எங்கள் பழைய கொரோலாவில் லைட் சுவிட்சைத் திருப்பினால்தான் மீற்றர் எரியும். இருட்டத் தொடங்கினால் வேகம் காட்டுகிற முள் தெரியாது, கை தானாக சுவிட்சுக்குப் போகும். மழை என்றாலும் அந்தி என்றாலும் நான் உடனே ஹெட்லைட்டைப் போட்டுவிடுகிறேன், அப்போது பகல் விளக்கு தானாக விலகிக்கொள்கிறது.

மார்கழி மழைக்குப் பிறகு வலது விளக்குக்குள் ஈரம் பிடித்து மூட்டம் போட்டது. கழற்றி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, விளிம்பில் சிலிக்கன் பூசிப் பூட்டினேன். இதுவரை பிறகு வரவில்லை.

தைப்பொங்கலுக்கு மறுபடி யாழ்ப்பாணம். அதே வீதி. எதிரே வந்த ஒரு லொறிக்காரர் விரல்களை விரித்து மூடிக் காட்டினார், இடது சீட்டில் இருந்த அப்பா கையை உயர்த்திப் பதில் காட்டினார். கலா ஓயா தாண்டியதும், “நிப்பாட்டு, ஒருக்காப் பாப்பம்” என்றார். எஞ்சினை ஓடவிட்டு, அம்மாவைக் காரில் இருத்திவிட்டு இரண்டு பேரும் அன்றைக்குப் போலவே காருக்கு முன்பக்கமாக நடந்தோம். அவர் எண்ணிக்கொண்டே வந்தார். இருநூறில் நின்று திரும்பினோம். நிழலுக்குள் காரின் உருவம் அன்றைக்குப் போலவே தெரியவில்லை. இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஒரு கார் அகலத்துக்கு, அசையாமல் நின்றன.

“இன்னும் போவம்” என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி ஒன்றில் இருந்து எண்ணத் தொடங்கினார்.